பழைய புல்லட்டின் கிளட்ச்: பிரிப்பதற்கு முன்னும் பிரித்த பின்னும்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். தாத்தாவிடமிருந்து வந்த 1971 மாடல் புல்லட் 350, பதினொரு ஆண்டுகள் கொட்டகையில் நின்றுவிட்டு இப்போது மறுபடி ஓடத் தொடங்கியிருக்கிறது. ஏற்காடு மலைப்பாதையில் என்ஜின் இரைகிறதே தவிர வண்டி ஏறவில்லை. காலையிலோ, கிளட்சைப் பிடித்துக்கொண்டு முதல் கியர் போட்டாலும் வண்டி முன்னால் துள்ளுகிறது. ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு இறுக்கினால் போதும் என்று ஒரு மெக்கானிக் சொல்கிறார். உள்ளே இருப்பதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புது செட் வாங்குங்கள் என்கிறார் இன்னொருவர். இவர்களில் யார் சொல்வதைக் கேட்பது என்று எழுதியிருக்கிறீர்கள். நழுவுவதும் ஒட்டிக்கொள்வதும் ஒன்றுக்கொன்று எதிரான கோளாறுகள் ஆயிற்றே, இரண்டும் ஒரே வண்டியில் எப்படி வரும், அதற்குக் காரணமான பாகம் எது என்பதுதான் உங்கள் கேள்வியின் உள்ளே இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கு விடை கிடைத்தால், எதை வாங்குவது என்பது தானே தெரிந்துவிடும்.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பயிற்சி முடித்து 1984இல் பட்டறை வேலைக்கு வந்தவன். அன்றிலிருந்து கையில் எடுத்த வண்டிகளில் பெரும்பாலானவை இரும்பு என்ஜின் புல்லட்டுகள்தான். இந்த கிளட்சின் அமைப்பைப் பற்றியும் அது வேலை செய்யும் விதத்தைப் பற்றியும் நான் கீழே எழுதுவதை நீங்கள் உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வண்டியில் எது கெட்டிருக்கிறது என்று சொல்லும் இடங்கள் மட்டும், வண்டியைத் தொட்டுப் பார்க்காதவனின் ஊகம். அந்த ஊகத்தை நீங்களே சரிபார்க்க வழியும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அமைப்பு. இந்த வண்டியில் என்ஜினும் கியர் பெட்டியும் தனித்தனி. ஆனால் கியர் பெட்டி என்ஜினின் முதுகில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். இடது பக்கம், அலுமினிய மூடிக்குள், கிராங்கின் (என்ஜினின் சுழலும் தண்டு) முனையிலுள்ள பல்சக்கரத்திலிருந்து இரட்டை வரிசைப் பிரைமரி செயின் வழியாக கிளட்ச் டிரம்முக்குச் சுழற்சி போகிறது. டிரம் தன் நடுவிலுள்ள பேரிங்கின் மேல் தனியாகச் சுழலக்கூடியது. அதற்கும் கியர் பெட்டியின் முதன்மைத் தண்டான மெயின் ஷாஃப்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. டிரம்மின் வெட்டுகளில் காது மாட்டிய உராய்வு பிளேட்டுகளும், ஷாஃப்டோடு சேர்ந்த ஹப்பில் பல் மாட்டிய எஃகு பிளேட்டுகளும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கை வெளிப்பக்கத்திலிருந்து மூன்று ஸ்பிரிங்குகள் பிரஷர் பிளேட் மூலம் அழுத்துகின்றன. கைப்பிடி லீவரை இழுக்கும்போது, கியர் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள சிறு நெம்புகோல், துளையிட்ட மெயின் ஷாஃப்டின் ஊடாகச் செல்லும் புஷ் ராடை இடது பக்கமாகத் தள்ளுகிறது. ராட் பிரஷர் பிளேட்டை வெளியே தள்ள, அடுக்கு தளர்ந்து, டிரம் தனியாகவும் ஹப் தனியாகவும் சுழல்கின்றன. பிரஷர் பிளேட் வெளியே வரும் தூரம் ஓரிரு மில்லிமீட்டர்தான். அந்தச் சிறு தூரத்தை எல்லா பிளேட்டுகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை மனத்தில் வையுங்கள். பின்னால் சொல்லப்போகும் பல விஷயங்கள் இதிலிருந்தே பிறக்கின்றன.

லீவரை விட்ட நிலையில் புஷ் ராட் பிரஷர் பிளேட்டை அழுத்தக் கூடாது. அதற்காகத்தான் கேபிளில் சிறு விளையாட்டு, அதாவது தளர்வு, விடுகிறோம். பழைய கணக்கில் 1/16 அங்குலம், அதாவது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். லீவரின் நுனியில் பார்த்தால் அது இன்னும் கூடுதலாகத் தெரியும். பிளேட்டுகள் தேயத் தேய இந்த விளையாட்டு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். பிளேட்டுகள் மெலிந்தால் அடுக்கின் உயரம் குறைந்து, பிரஷர் பிளேட் உள்நோக்கி, புஷ் ராடின் முனையை நோக்கி நகர்கிறது. ஒரு கட்டத்தில் ராடின் மேலேயே உட்கார்ந்துவிடுகிறது. அப்போது ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ஒரு பங்கை பிளேட்டுகளுக்குப் பதிலாக ராட் தாங்குகிறது. கிளட்ச் எப்போதும் பாதி பிடித்த நிலையிலேயே இருக்கிறது. சமதரையில் அது வெளியே தெரியாது. மலையேற்றத்தில், என்ஜின் முழுப் பலத்தையும் கொடுக்கும்போது நழுவுகிறது, நழுவியதால் சூடாகிறது, சூடானதால் இன்னும் நழுவுகிறது.

உங்கள் வண்டியில் நடந்திருக்கும் என்று நான் ஊகிப்பது இதுதான். பதினொரு ஆண்டுகள் நின்றதில் பிளேட்டுகள் ஒன்றோடொன்று பழைய ஆயிலின் பிசினால் ஒட்டியிருக்கும், எஃகு பிளேட்டுகளில் ஆங்காங்கே துருவும் பிடித்திருக்கும். வண்டியை எழுப்பியவர் கிளட்ச் விடவில்லை என்று கண்டு, எளிதாகக் கைக்கு எட்டிய கேபிள் அட்ஜஸ்டரைத் திருகி, விளையாட்டு முழுவதையும் எடுத்திருப்பார். அதனால் ஓரளவு விட்டிருக்கும். ஆனால் அதன் பிறகு ராட் எப்போதும் பிரஷர் பிளேட்டைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் ஏற்றத்தில் நழுவல் வந்திருக்கும். ஒட்டுதலுக்குச் செய்த அரைகுறை மருந்து நழுவலை உண்டாக்கியது என்று இதைச் சொல்லலாம். ஆகவே எதையும் பிரிப்பதற்கு முன் முதல் வேலை இது: கேபிள் அட்ஜஸ்டரை முழுவதும் தளர்த்தி, கேபிள் தொய்ந்து தொங்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். கியர் பெட்டியின் வலது மூடியிலுள்ள சிறு மூடியைக் கழற்றினால், நெம்புகோலில் லாக் நட்டோடு கூடிய திருகு தெரியும். லாக் நட்டைத் தளர்த்தி, திருகை மெல்ல உள்ளே செலுத்தி, ராடில் மோதுவதை உணர்ந்ததும் அரைச் சுற்றுப் பின்வாங்கி, லாக் நட்டை இறுக்குங்கள். அதன் பிறகே கேபிள் அட்ஜஸ்டரால் விளையாட்டைச் சரிசெய்யுங்கள். இந்த வரிசை முக்கியம். திருகைத் தொடாமல் கேபிளை மட்டும் ஆண்டுக்கணக்கில் இறுக்கிக்கொண்டே போனால், உள்ளேயுள்ள நெம்புகோல் சாய்ந்து, இழுக்கும்போது கேபிளுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டிய கோணத்தை இழக்கிறது. கை கனக்கிறது, தள்ளும் தூரமோ குறைகிறது.

இதைச் செய்துவிட்டு வண்டியை நன்றாகச் சூடாகும் வரை ஓட்டி, சமதரையில் மேல் கியரில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை முழுவதும் திருகிப் பாருங்கள். என்ஜின் சத்தம் ஏறி வேகம் அதோடு ஏறாவிட்டால் நழுவல் இன்னும் இருக்கிறது. இன்னொரு சோதனைக்கு வண்டியை ஓட்டவே வேண்டாம். இந்த வண்டியில் கிக்கரின் உதை கியர் பெட்டி வழியாக கிளட்சைத் தாண்டித்தான் என்ஜினை அடைகிறது. அமுக்கம் வரும் இடத்தில் டீகம்ப்ரஸரை (சிலிண்டரின் அமுக்கத்தை வெளியே விடும் சிறு லீவர்) தொடாமல் காலால் நிதானமாக அழுத்தினால், நல்ல கிளட்ச் காலைத் தாங்கி நிற்கும். நழுவும் கிளட்சில் அமுக்கத்தைத் தாண்டாமலேயே கிக்கர் வழுக்கிக்கொண்டு கீழே போகும். கிக்கரின் பல்சக்கரம் தேய்ந்திருந்தாலும் கால் கீழே போகும், ஆனால் அப்போது கடகடவென்ற சத்தமும் அதிர்வும் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

காலையில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை உதைத்து பிளேட்டுகளைப் பிரித்துவிடும் வழக்கம் பழைய புல்லட்காரர்கள் எல்லாரிடமும் உண்டு. அது நல்ல வழக்கம், அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம். இரவு முழுக்க அழுத்தத்தில் இருந்த, ஆயிலில் நனைந்த பிளேட்டுகள் சற்று ஒட்டுவது இயல்பு. அப்படிப் பிரித்துவிட்ட பிறகும், என்ஜின் சூடான பிறகும் முதல் கியர் அடித்துக்கொண்டு விழுந்தால் அதுதான் கோளாறு. இங்கே ஒரு கண்ணாமூச்சியும் இருக்கிறது. இந்தப் பழைய நான்கு கியர் பெட்டியில் குதிகாலால் அழுத்தினால் நேராக நியூட்ரலுக்குப் போகும் தனி லீவர் உண்டு. ஒட்டும் கிளட்சின் முதல் அறிகுறி, நின்ற இடத்தில் நியூட்ரல் கிடைக்காமல் போவது. அந்த லீவரைப் பழகியவருக்கு அந்த அறிகுறி தெரியாமலே ஆண்டுகள் போய்விடும். சோதிக்கும் நாட்களில் அதைத் தொடாமல், கியர் லீவரால் மட்டும் நியூட்ரல் தேடிப் பாருங்கள். கிளம்பும்போது வண்டி குலுங்குகிறது என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதற்கு கிளட்சைக் குற்றம் சொல்லும் முன், பின் சக்கர ஹப்பிலுள்ள ரப்பர்களைப் பாருங்கள். அந்தக் காலத்து வேறு பல பிரிட்டிஷ் வண்டிகளில் அதிர்ச்சி தாங்கும் அமைப்பு கிளட்சிலோ கிராங்க் முனையிலோ இருக்கும். ராயல் என்ஃபீல்டு அதைப் பின் சக்கரத்தில் வைத்தது. ஐம்பது ஆண்டு பழைய ரப்பர் கல்லாகிப் பொடிந்திருந்தால் கிளட்சில் எத்தனை புதுப் பாகம் போட்டாலும் குலுக்கல் நிற்காது.

சரிசெய்த பிறகும் நழுவல் இருந்தால் பிரிக்க வேண்டியதுதான். பதினொரு ஆண்டு நின்ற வண்டி என்பதால், நழுவல் நின்றுவிட்டாலும்கூட ஒருமுறை திறந்து பார்ப்பதை நான் விரும்புவேன். உங்களால் முடியும், பொறுமையும் வெளிச்சமும் இருந்தால் போதும். இந்த மாடலில் பிரேக் இடது காலில் என்பதால், பிரேக் பெடலையும் இடது கால்தாங்கியையும் முதலில் எடுக்க வேண்டும். அடியில் அகலமான தட்டு வையுங்கள், மூடி விலகியதும் ஆயில் கொட்டும். அவ்வளவு பெரிய மூடியை நடுவிலுள்ள ஒரே நட்டுதான் பிடித்திருக்கிறது. ராயல் என்ஃபீல்டின் இங்கிலாந்துத் தொழிற்சாலை இருந்த ரெட்டிச் நகரத்து வரைபடங்களின்படி திருவொற்றியூரில் செய்த வண்டி என்பதால் பல நட்டுகள் அங்குல அளவில் இருக்கும், மி.மீ. ஸ்பேனரை ஏறத்தாழப் பொருத்தி மூலைகளை மழுங்கடிக்காதீர்கள், பழைய பிரிட்டிஷ் அங்குல அளவான விட்வொர்த் ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிவிடுங்கள். கொட்டிய ஆயிலை உடனே அப்புறப்படுத்திவிடாமல் ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். பழுப்புத் துகள்கள் உராய்வுப் பொருளின் தேய்மானம். மினுங்கும் இரும்புப் பொடி என்றால் செயினோ பேரிங்கோ பேசுகிறது. பாலைப் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை, இதை மட்டும் தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள். அந்தக் காலத்து உராய்வுப் பொருள்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, பார்த்துச் சொல்ல முடியாது. காய்ந்த பிளேட்டுகளை உப்புத்தாளால் தேய்ப்பதும், காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்வதும் வேண்டாம். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியை ஒரு பையில் கட்டி எறிந்துவிடுங்கள். நாங்கள் இளைஞர்களாக இருந்தபோது இதை யாரும் சொல்லித் தரவில்லை. வாயால் ஊதிச் சுத்தம் செய்த எங்கள் தலைமுறையைப் பார்த்து நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்.

மூடியை எடுத்ததும் முன்னால் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரும் பின்னால் கிளட்சும் தெரியும். பிளேட்டுகளை மட்டும் பார்க்க ஆல்டர்னேட்டரைத் தொட வேண்டியதில்லை. மூன்று ஸ்பிரிங் திருகுகளையும் ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாகத் தளர்த்தி எடுத்தால் தொப்பி, ஸ்பிரிங், அதனுள்ளே ஒரு சிறு குழல், பிரஷர் பிளேட் எல்லாம் வெளியே வந்துவிடும். உங்கள் முதல் மெக்கானிக்கின் யோசனைக்கு விடை அந்தக் குழலில் இருக்கிறது. திருகு குழலில் முட்டி நிற்கும்வரை முழுவதும் இறுக்க வேண்டும் என்பதே இதன் அமைப்பு. ஸ்பிரிங் எவ்வளவு அமுங்க வேண்டும் என்பதைக் குழலின் நீளம் முன்பே தீர்மானித்துவிட்டது. கூட்டிக் குறைத்து அளவு வைக்கும் திருகுகள் அல்ல இவை. வாஷர் போட்டால் நழுவல் சில நாள் நிற்கும் என்பது உண்மை. அதற்கு விலையாக லீவர் கனக்கும், புஷ் ராடின் முனைகளுக்கும் நெம்புகோலுக்கும் சுமை ஏறும். ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு அமுங்கிவிட்டால் பிரஷர் பிளேட் நகர இடமே இல்லாமல், ஒட்டுதல் முன்பைவிட மோசமாகும். தேய்ந்த பிளேட்டை வாஷர் தடிமனாக்காது. மூன்று ஸ்பிரிங்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து உயரத்தை வெர்னியர் அளவுகோலில் பாருங்கள். ஒன்றுக்கொன்று ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மூன்றையும் மாற்றுவது என் வழக்கம். ஒன்றை மட்டும் மாற்றுவதில்லை. குழல்களின் நீளத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

பிளேட்டுகளை எடுக்கும்போது ஒவ்வொன்றும் எந்த முகம் வெளியே பார்த்து எத்தனையாவதாக இருந்தது என்பதைப் படம் எடுத்து, வெளி முகத்தில் குறியும் இட்டு, வரிசை குலையாமல் ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. எஃகு பிளேட்டுகள் எல்லாமே தட்டையானவை அல்ல. சிலவற்றை வேண்டுமென்றே நடுவில் குழித்துச் செய்திருப்பார்கள். வேலைக்கு வந்த முதல் ஆண்டில், அப்படிக் குழிந்த இரண்டு பிளேட்டுகள் சூட்டில் வளைந்தவை என்று நினைத்து, அடைகல்லின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கினேன். கட்டி முடித்த வண்டி கிளட்சையே விடவில்லை. எங்கள் பெரிய மேஸ்திரி திட்டவில்லை, பழைய பிளேட் ஒன்றை எடுத்து வந்து என் கையில் வைத்து, விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். இன்று வரை எந்த பிளேட்டை எடுத்தாலும் முதலில் விரல்தான் போகிறது. தட்டையாக இருக்க வேண்டியவற்றைத் தடித்த கண்ணாடியின் மேல் வைத்து, ஓரத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். 0.15 மி.மீ. தகடு தாராளமாக நுழைந்தால் அந்த பிளேட் எனக்கு வேண்டாம். எல்லா பிளேட்டுகளும் ஓரிரு மில்லிமீட்டரைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்றேனே, ஒரு பிளேட்டின் கோணலே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது. நீலம் பாய்ந்திருந்தால் கடும் சூடு கண்டிருக்கிறது என்று பொருள். தட்டையாக இருந்தால் பயன்படுத்தலாம். துருவைப் பொறுத்தவரை, மேலோட்டமானது நயமான உப்புத்தாளில் ஆயில் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். நகம் மாட்டும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் அது அரத்தைப் போல் புது உராய்வுப் பொருளைச் சுரண்டிவிடும், வைக்காதீர்கள். உராய்வு பிளேட்டுகளில் பார்க்க வேண்டியது தடிமன் மட்டும் இல்லை. முகம் கண்ணாடிபோல் பளபளத்துக் கறுத்திருந்தால் தடிமன் மீதம் இருந்தும் பிடிக்காது. துண்டுகள் ஆடினாலும் ஓரம் பிய்ந்திருந்தாலும் அதன் காலம் முடிந்தது. பதினொரு ஆண்டு ஒட்டிக் கிடந்து இழுத்துப் பிரிக்கப்பட்டவற்றில் இந்தப் பிய்தலை அடிக்கடி பார்த்திருக்கிறேன். உங்கள் உராய்வு பிளேட்டுகளை மாற்ற வேண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

பிளேட் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது டிரம்மின் வெட்டுகளை. உராய்வு பிளேட்டுகளின் காதுகள் ஒவ்வொரு முறை ஆக்சிலேட்டரைத் திருகும்போதும் விடும்போதும் வெட்டின் சுவரை மோதுகின்றன. ஐம்பது ஆண்டு மோதலில் சுவரில் ஒவ்வொரு காதுக்கும் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். கிளட்சைப் பிடிக்கும்போது பிளேட் பக்கவாட்டில் நகர வேண்டும். காது பள்ளத்தில் மாட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. புது பிளேட் போட்டும் ஒட்டுதல் தீரவில்லை என்று வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் இதுதான் காரணம் என்பது என் அனுபவம். ஹப்பின் பற்களிலும் இதே தேய்மானம் வரும். பள்ளம் மேலோட்டமாக இருந்தால் நயமான தட்டை அரத்தால் சுவரைச் சமன் செய்யலாம், எல்லா வெட்டுகளிலும் ஒரே அளவாக, சுவர் நேராக நிற்கும்படி. அரை மில்லிமீட்டருக்கு மேல் எடுக்க வேண்டி வந்தால் நான் அரத்தைக் கீழே வைத்துவிடுவேன். காதுக்கும் சுவருக்கும் இடைவெளி கூடி, அடி பலமாகி, பள்ளம் இன்னும் வேகமாக விழும். அந்த நிலையில் டிரம்மை மாற்றுவதே முறை. டிரம்மின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் நடு பேரிங் முடிந்துவிட்டது, பிளேட்டுகள் நேராக நிற்க வழியில்லை. டிரம்மின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தாலும் அதையும் செயினையும் சேர்த்து மாற்றுவதே நல்லது.

டிரம்மைக் கழற்ற வேண்டி வந்தால் வேலை ஒரு படி கூடுகிறது. பிரைமரி செயினில் பிரித்து மாட்டும் இணைப்பு கிடையாது. ஆல்டர்னேட்டரைக் கழற்றி, என்ஜின் பல்சக்கரத்தையும் கிளட்சையும் செயினோடு ஒரே சமயத்தில் வெளியே இழுக்க வேண்டும். இரண்டுக்கும் புல்லர், அதாவது இழுத்துக் கழற்றும் கருவி, தேவை. இரண்டு திருப்புளி வைத்து நெம்பினால் அலுமினியப் பெட்டி உடையும். நட்டைத் தளர்த்தச் சுழற்சியைப் பிடித்து நிறுத்த, மேல் கியரில் போட்டு ஒருவரைப் பின் பிரேக்கில் உட்கார வைக்கலாம் என்றால் பெடல் கழற்றிக் கிடக்கிறது. அதனால் நாங்கள் ஒரு பழைய உராய்வு பிளேட்டையும் எஃகு பிளேட்டையும் சேர்த்து வெல்டிங் செய்து வைத்திருக்கிறோம். அதைச் செருகினால் டிரம்மும் ஹப்பும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். பிளேட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆல்டர்னேட்டரின் சுழலும் பாகமான ரோட்டார் காந்தம் என்பதை மறக்க வேண்டாம். அரம் போட்ட மேசையில் அதை வைத்தால் இரும்புப் பொடி முழுவதையும் வாரிக்கொள்ளும், பிறகு அந்தப் பொடி நிலையான பாகமான ஸ்டேட்டரின் சுருளுக்குள் போகும். துடைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றித் தனியாக வையுங்கள். திரும்ப மாட்டும்போது ரோட்டாருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே சுற்றிலும் 0.2 மி.மீ. ஃபீலர் கேஜ் நுழைய வேண்டும். எங்காவது உரசினால் ஓடும்போது சூட்டில் கருகும்.

புஷ் ராடை இழுத்துப் பாருங்கள். முனைகள் கடினமாக்கப்பட்டவை, சூட்டிலும் அழுத்தத்திலும் அந்தக் கடினம் போய்விட்டால் முனை காளான்போல் விரிகிறது. விரிந்த முனை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தேய்ந்து, நீங்கள் வைத்த விளையாட்டை மாற்றிக்கொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை கேபிள் இறுக்க வேண்டியிருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேபிளைப் பார்க்க மாட்டேன், ராடைத்தான் பார்ப்பேன். வெறும் கம்பியை வெட்டி ராடாகப் போட்டிருக்கும் வண்டிகளையும் கண்டிருக்கிறேன், ஆகவே முனையில் அரத்தை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் கடினம் இருக்கிறது, கடித்தால் இல்லை. ராடை உருட்டிப் பார்த்து வளைவு இல்லையென்று உறுதி செய்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள்.

இரண்டாவது மெக்கானிக்கின் யோசனைக்கு இப்போது வருகிறேன். உராய்வு பிளேட்டுகள், ஸ்பிரிங்குகள், மூடியின் ரப்பர் வளையம், கேபிள் ஆகியவை புதிதாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அவை தேய்வதற்கென்றே இருப்பவை. ஆனால் நல்ல நிலையிலுள்ள பழைய எஃகு பிளேட், ஹப், பிரஷர் பிளேட் ஆகியவற்றை, செட்டில் வருகிறது என்பதற்காக மாற்றாதீர்கள். சென்னை புதுப்பேட்டையிலும் மற்ற உதிரிபாகச் சந்தைகளிலும் கிடைக்கும் செட்டுகளில் நல்லவையும் உண்டு, காது அகலம் குறைந்து வெட்டில் லொடலொடவென்று ஆடுபவையும் உண்டு. டிரம்மைக் கையோடு எடுத்துப்போய், கடையிலேயே பிளேட்டைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். தடங்கலின்றி வழுக்கி இறங்க வேண்டும், ஆனால் சுழற்சித் திசையில் ஆடக் கூடாது. கூடுதல் பிளேட் சேர்த்துப் பிடியை அதிகமாக்கும் மாற்றங்களை விற்கிறார்கள். என்ஜினைக் கூட்டிப் பந்தயத்துக்குத் தயாரித்தவருக்கு அது பயன்படலாம். 18 குதிரைத்திறனுக்குள் அடங்கும் உங்கள் 350க்கு, சரியாகக் கட்டிய பழைய அமைப்பே போதும்.

புது உராய்வு பிளேட்டுகளை மாட்டுவதற்கு முதல் நாள் இரவே ஆயிலில் ஊறப் போடுங்கள். கோத்து வைத்த வரிசையில் அடுக்கி, மூன்று திருகுகளையும் மாறி மாறி, குழலில் முட்டும்வரை இறுக்குங்கள். மூடியை மாட்டும் முன் ஒருவரை லீவரைப் பிடிக்கச் சொல்லி, கிக்கரை மெல்ல அழுத்தியபடி பிரஷர் பிளேட்டைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அது தட்டு சுழல்வதுபோல நேராகச் சுழல வேண்டும். தள்ளாடினால் ஒரு பக்கம் விலகி மறுபக்கம் ஒட்டியிருக்கிறது என்று பொருள். வேறு வண்டிகளில் அதை ஸ்பிரிங் நட்டைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்வார்கள். இதில் அந்த வழி இல்லை. ஸ்பிரிங்குகளை இடம் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனைக்கு நான் அரை மணி நேரம்கூடச் செலவழிப்பேன், கிளட்ச் மென்மையாக விடுவதும் விடாததும் இங்கேதான் முடிவாகிறது. பிரைமரி செயினின் மேல் ஓட்டத்தில், மிக இறுக்கமான இடத்தில், கால் அங்குலம் மேலும் கீழும் ஆட்டம் இருக்கும்படி அடியிலுள்ள அழுத்துகட்டையைச் சரிசெய்யுங்கள். கியர் பெட்டியை நகர்த்திச் செயின் இறுக்கும் வண்டி அல்ல இது. மூடியின் ரப்பர் வளையம் பள்ளத்தில் முறுக்கில்லாமல் உட்கார்ந்திருந்தால் நடு நட்டைச் சாதாரணமாக இறுக்கினாலே ஒழுகாது. ஒழுகினால் நட்டை மேலும் இறுக்குவதால் மூடி வளையுமே தவிர ஒழுக்கு நிற்காது, கழற்றி வளையத்தைப் பாருங்கள்.

ஆயிலைப் பற்றிப் பழைய புல்லட்காரர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இந்தப் பெட்டிக்குத் தனி ஆயில், என்ஜினோடும் கியர் பெட்டியோடும் கலக்காது. சுமார் 420 மி.லி. பிடிக்கும், அளவுத் திருகு வழியாக ஆயில் எட்டிப் பார்க்கும் மட்டமே இறுதிக் கணக்கு. அளவு கூடினாலும் பிளேட்டுகள் ஒட்டும். 20டபிள்யூ50 என்ஜின் ஆயில் போதும் என்பவர்களும், ஆட்டோமேட்டிக் கியர் கார்களுக்கான மெல்லிய ஆயிலை ஊற்றினால் காலை ஒட்டுதல் குறைகிறது என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டிலும் நன்றாக ஓடும் வண்டிகளைக் கட்டியிருக்கிறேன், குளிர் காலையில் இரண்டாவது சற்று மேல் என்பது என் கைக்குத் தெரிந்தது. அதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: எரிபொருள் சிக்கனத்துக்காக வழுக்கும் பொருள் சேர்த்த கார் ஆயில்களை இங்கே ஊற்றக் கூடாது. மோட்டார் சைக்கிள் ஆயில் வாங்கினால் புட்டியில் ஜாசோ எம்.ஏ. என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள், ஈர கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான தரக்குறி அது, எம்.பி. என்றிருந்தால் அது உராய்வு குறைந்த வகை, வேண்டாம். கியர் பெட்டியில் கெட்டிக் கிரீஸுக்குப் பதிலாக யாராவது மெல்லிய ஆயில் ஊற்றியிருந்தால், அது புஷ் ராட் செல்லும் துளை வழியாகவே கிளட்சுக்கு வந்து சேரும். உங்கள் பெட்டியில் வடித்த ஆயிலில் கியர் ஆயிலின் கந்தக வாடை அடித்தால், நழுவலுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கட்டி முடித்ததும் முதல் 300 கி.மீ. வரை ஏற்காடு போகாதீர்கள். சமதரையில், பாதி கிளட்சில் நிற்காமல், நிதானமாக ஓட்டுங்கள். புது பிளேட்டுகள் எஃகோடு பழகும்போது அடுக்கு சற்றுத் தாழும், அதனால் விளையாட்டு குறையும். 50 கி.மீ.யிலும் 300 கி.மீ.யிலும் என்ஜின் ஆறிய பிறகு கேபிள் விளையாட்டைப் பார்த்து, குறைந்திருந்தால் திரும்ப ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகு மலையேறும்போது, இரண்டாம் கியரில் ஏறும் ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் ஆக்சிலேட்டரைத் திறந்து கவனியுங்கள். அங்கேயும் நழுவினால், டிரம்மின் வெட்டு, ஸ்பிரிங்கின் உயரம், ராடின் முனை ஆகிய மூன்றின் படங்களையும் வெர்னியர் அளவுகளையும் இங்கே பதியுங்கள். அவற்றைப் பார்த்த பிறகு ஊகமாகச் சொன்னவற்றையும் உறுதியாகச் சொல்கிறேன்.